சக்கரம் கட்டிய வீடு

பிரயாணம் போகிறவன் எதையெல்லாம் கூட எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று பெரியவர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். கூஜா, கம்பளி, பூட்டு, சுக்குப் பொடி, போகிற ஊரில் இருக்கும் உறவினர் விலாசம் என்று அந்த ஜாபிதா நீண்டுகொண்டே போகும். வீட்டையே எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள். கட்டில், மெத்தை, அடுப்பு, ஐஸ் பெட்டி, குளிக்கிற அறை எல்லாம் அடங்கிய பெரிய மோட்டார் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்வது; மலைக்கோ கடற்கரைக்கோ போவது; அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு, அதற்குள்ளேயே தூங்கி, அதிலேயே திரும்பி வருவது. இதற்குக் 'கேரவன் சுற்றுலா' என்று பெயர். கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்து அறிவித்தது. அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது, இனிமேல் ரயிலாவது, பஸ்ஸாவது, ஹோட்டலாவது என்று என் சிநேகிதர்கள் சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இதில் பலமான ஆட்சேபம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வாசகர்கள் பாடு.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். நம் ஜனங்களுக்குக் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் வண்டி. வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்திலிருந்து தப்பித்துக்கொள்ள அவர்களுக்கு அது தேவைதான். நம்மை யார் ஐயா வேடிக்கை பார்க்கக் காத்திருக்கிறார்கள்? சொல் பிறந்த இடமோ பாரசீகம். அங்கே அதன் பொருள் வண்டியே அல்ல. கூட்டமாகச் சேர்ந்து போகும் வழிப்போக்கர்கள். பாலைவனத்தில் கள்ளர் பயம், தண்ணீர்ப் பஞ்சம். ஒருவனுக்கு ஒருவன் துணை இல்லாமல் கடக்க முடியாது. அதனால் சேர்ந்து போனார்கள். தமிழிலும் இதற்கு ஒரு சொல் உண்டு: சாத்து. சிலப்பதிகாரத்தில் கோவலனுடைய தகப்பனார் பெயர் மாசாத்துவான் அல்லவா? பெரிய சாத்துக்குத் தலைவர் என்று அர்த்தம். மனிதர்கள் ஒன்றுசேர்ந்து போவதற்கு ஏற்பட்ட பெயரை, மனிதர்களிடமிருந்து ஒதுங்கிப் போவதற்கு ஏற்பட்ட வண்டிக்கு வைத்திருக்கிறார்கள். வார்த்தைகளுக்கும் கெட்ட காலம் உண்டு போலும்.

மாசாத்துவானின் பிள்ளை எப்படிப் பிரயாணம் செய்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுப் புகாரிலிருந்து மதுரைக்கு மனைவியோடு நடந்தான். வழியில் கவுந்தியடிகள் துணை கிடைத்தது. மதுரைக்கு வெளியே ஆயர் குலத்து மாதரி என்பவள் முன்பின் தெரியாத இருவருக்கும் தன் இடத்தில் அடைக்கலம் கொடுத்தாள். அவர்களிடம் கட்டிலும் அடுப்பும் உள்ள வண்டி ஒன்று இருந்திருந்தால், புறஞ்சேரியில் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பார்கள். மாதரிக்கும் வேலை இல்லை. இளங்கோவடிகளுக்கு அடைக்கலக் காதை எழுதுகிற சிரமமும் இல்லை.

இந்தச் சக்கர வீட்டை உல்லாசத்துக்கு என்று முதலில் கட்டுவித்தவர்களில் ஒருவர் என்னைப் போலக் கதை எழுதுகிறவர் என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று பெயர். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பையன்களுக்கான சாகசக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். 1885-இல் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு வண்டியைக் கட்டச் சொல்லி, அதற்கு 'வாண்டரர்' என்று பெயர் வைத்தார். நாடோடி என்று பொருள். நாடோடியின் எடை சுமார் 2 டன். இழுக்க 2 குதிரைகள், ஓட்ட ஒரு வண்டிக்காரர், சேவகம் செய்ய ஒரு வேலைக்காரர். இந்த வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னாலே போய், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய வண்டி வருகிறது என்று எச்சரிக்கை செய்யவேண்டும். இது போதாதென்று ஒரு பெரிய நாயும் கூட. இந்தப் பரிவாரத்தோடு இங்கிலாந்தின் தெற்கேயிருந்து ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் வரையில் போனார். அதே சாலைகளில் ஜிப்ஸிகள் வேறு வீடு இல்லாமல் வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஊருக்கு ஊர் விரட்டினார்கள். கனவான் அதே மாதிரி வண்டியில் வந்தால் தொப்பியை எடுத்து வணக்கம் சொன்னார்கள்.

ஆனாலும் அந்த மனிதருக்கு ஒரு விஷயத்தில் நான் மதிப்புக் கொடுப்பேன். குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், சாயங்காலம் கட்டிவைக்க இடம் வேண்டும். ஆகையால் நாள்தோறும் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் ஒரு குடியானவர் வீட்டுக் கதவையோ, ஒரு விடுதிக்காரர் கதவையோ தட்டியே தீரவேண்டியிருந்தது. கதவைத் தட்டினால் பேசித்தானே ஆகவேண்டும்? பிறகு குதிரை போய் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குப் புல் வேண்டாம். பெட்ரோல் கடைக்காரரிடம் பேச்சு என்ன வேண்டியிருக்கிறது!

இங்கிலாந்துக்காரர்களின் கேரவனை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். அங்கே 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை தருவதற்கென்று ஒரு சட்டம் வந்தது. யுத்தம் முடிந்த பிறகு தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஹோட்டலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்கு மோட்டாருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்னக் கேரவன் பெரிய வரப்பிரசாதம். அங்கே அது ஏழைக்கு எட்டிய விடுமுறை. இங்கே கதை தலைகீழ். ஒரு நாள் கேரவன் வாடகையில் ஒரு குடும்பம் சென்னையிலிருந்து ராமேசுவரத்துக்கு ரயிலில் போய், தீர்த்தமாடி, திரும்பியும் வந்துவிடலாம்.

அமெரிக்காவில் வாலி பையம் என்று ஒருவர் இருந்தார். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' வண்டிகளைச் செய்து விற்றவர். 1959-இல் அந்த மாதிரி 41 வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்டார். எதியோப்பியச் சக்கரவர்த்தி ஹைலே செலாசி கூட அந்த வண்டிகளைப் பார்த்தார். எனக்கு அந்தப் படாடோபம் பிடிக்கவில்லை. ஆனால் 41 வண்டிகள் சேற்றில் மாட்டிக்கொண்டால் ஒன்றை ஒன்று இழுத்துவிடத்தானே வேண்டும்? அந்த மட்டில் அது பழைய பொருளில் கேரவன்தான்.

நிற்க. நேரில் அநுபவிக்காமல் பேசுகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா? என் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வாகமண்ணுக்குக் கேரவனில் போனபோது என்னையும் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனார். மதுரையில் ஏறினோம். தேனி, கம்பம், குமுளி என்று அந்தச் சாலையில் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்! கம்பத்தில் திராட்சைக் கூடையோடு ஏறுகிறவர்கள், மலை ஏறும் சமயத்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று துண்டைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறவர்கள், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் பேசுகிற பேச்சு, எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தத் தடவை அந்த ஊர்களெல்லாம் கறுப்புக் கண்ணாடிக்கு அப்பால் ஊமைப் படம்போல் ஓடின. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்ததால் குமுளியில் குளிர் வந்ததே தெரியவில்லை. நண்பருடைய பையன் மதுரையில் ஆரம்பித்த சினிமாவை வண்டிப்பெரியாற்றில் முடித்தான்.

குட்டிக்கானத்தைத் தாண்டிய பிறகு சாலை குறுகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் எங்கள் மாளிகை நின்று, மூச்சு வாங்கி, பின்வாங்கி, மறுபடி முன்னேறியது. பின்னால் ஜீப்புகளும் பஸ்ஸும் வரிசையாகக் காத்திருந்தன. தேநீர்க் கடை ஒன்று வந்தது. இறங்கலாமே என்றேன். "எதுக்கு? நம்மகிட்டயே அடுப்பு இருக்கே!" என்றார் நண்பர். அடுப்பு இருந்தது, டீயும் போட்டார்கள், நன்றாகவும் இருந்தது. அந்தக் கடைக்காரர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து மலை ஏறினார் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு நாள் தங்கினோம். அந்த இரண்டு நாளில் அந்த ஊர்க்காரர்களில் நான் பேசிய ஒரே ஆசாமி, வண்டி நிறுத்தும் இடத்தில் ரசீது எழுதிக் கொடுத்த பையன். டிரைவருக்கு உள்ளே படுக்கை இல்லை. முன் ஆசனத்தைச் சாய்த்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். எங்களுடைய நகரும் வீட்டில் வாசல் திண்ணை கூட இல்லையே என்று அப்போது தோன்றியது.

ஹோட்டலில் தங்கினால் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். வாழ்ந்ததுதான். எவ்வளவு மட்டமான லாட்ஜாக இருந்தாலும், காலையில் வெந்நீர் கொண்டுவரும் பையன் ஒருவன் இருக்கிறான். எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும், கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று அவனைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அவன் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுவான். அதுவும் அந்த ஊரைத் தெரிந்துகொள்ளும் வழிதானே!

ரயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் ரயிலுக்கு வக்கீல் அல்ல. குறட்டைகள் எத்தனை வகை என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டியில் எதிரும் புதிருமாக 6 பேர், பக்கவாட்டில் 2 பேர், ஆக 8 பேரை விடிகிற வரையில் ஒரு குடும்பமாக்கி வைக்கும் சாமர்த்தியம் வேறு எதற்கு இருக்கிறது? ஒருமுறை பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு பாட்டி கண் ஆபரேஷனுக்காகத் தனியாக மதுரைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்தது மேல் படுக்கை. யாரும் யாரையும் கேட்கவில்லை; ஒரு காலேஜ் பையன் எழுந்து தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்தான். விழுப்புரத்துக்குள் அவளுடைய மூன்று பிள்ளைகளில் எவன் நல்லவன், எந்த மருமகள் கெட்டவள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திருச்சி வருவதற்குள் பக்கவாட்டுப் படுக்கைக்காரர், தமக்குத் தெரிந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மதுரையில் அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவள் கைப்பேசியிலிருந்து மூத்த பிள்ளைக்கு நான் தகவல் சொன்னேன். "ரொம்ப நன்றிங்க அண்ணே, பயந்துகிட்டே இருந்தோம்" என்றான் அவன். அவன் நல்லவன், பாட்டி முன்பே சொல்லியிருந்தாள்.

இதையெல்லாம் வாகமண்ணில் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பருடைய மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "அண்ணா, நீங்க கதைக்கு ஆள் தேடிக்கிட்டுப் போறீங்க. எனக்கு அந்தக் கவலை இல்லை. பஸ்ஸில போகணும்னா அன்னிக்குக் காலையிலிருந்து நான் தண்ணி குடிக்கமாட்டேன். பள்ளிக்கூடத்துல படிக்கிற நாளிலிருந்து அப்படித்தான். இந்த வண்டியிலதான் முதல் தடவையா வழியெல்லாம் தண்ணி குடிச்சுக்கிட்டு வந்தேன்."

கேரவனுக்குச் சாதகமாக நான் கேட்ட வாதங்களில் இது ஒன்றுதான் வாதம். இயற்கை, சுதந்திரம், நினைத்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் விளம்பரத்துக்கு எழுதினவை; அவற்றுக்குப் பதில் சொல்லி நேரத்தைக் கெடுக்கவேண்டாம். இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பஸ்ஸில் போகிற நம் பெண்களில் எத்தனை பேர் இப்படித் தொண்டை வறள உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண்களுக்குச் சாலையோரமெல்லாம் இடம். பஸ் இரவில் நிற்கிற மோட்டலின் பின்புறத்தைப் பற்றிப் பெண்கள் சொல்கிற வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. பஸ் நிலையத்தில் சுவரில் 'இலவசம்' என்று எழுதியிருக்கும். வாசலில் ஒரு மேஜை போட்டு ஒருவர் சில்லறை வாங்கிக்கொண்டிருப்பார். உள்ளே தாழ்ப்பாள் இருக்காது; இருந்தால் தண்ணீர் இருக்காது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தாரையில் நோய் வந்து டாக்டரிடம் போனால், அவர் நிறையத் தண்ணீர் குடி என்கிறார்!

அந்த அம்மாளைக் கேரவனில் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் கோபம் இங்கேதான் அதிகமாகிறது. அந்தச் சாலையில் அன்றைக்குப் போன பஸ்களில் எத்தனை பெண்கள் தண்ணீர் குடிக்காமல் போனார்கள்! அவர்களுடைய குறையைக் கேட்கும்படி சொல்லக்கூடியவர்கள் யார்? படித்தவர்கள், கலெக்டருக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகை ஆசிரியரைப் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள். அவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு குளியலறையை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டால், மேஜை போட்டுச் சில்லறை வாங்குகிறவரை யார் கேட்பது? வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்ட பிறகு தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யாராவது பார்க்கிறோமா?

காந்திஜி 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேருக்கான பெட்டி. ராய்ச்சூருக்குப் பிறகு நெருக்கடி தாங்க முடியவில்லை. பெட்டியை வழியில் ஒருதடவை கூடப் பெருக்கவில்லை, கழிப்பறையைக் கழுவவில்லை என்று பத்திரிகைகளுக்கு எழுதினார். முதல் வகுப்பில் அவருக்கு இடம் கிடைக்காதா? முதல் வகுப்பில் வந்திருந்தால் அந்தக் கடிதம் பிறந்திராது. அவருக்கும் முன்னாலே, 1909-இல், ஒகில் சந்திர சென் என்று ஒரு வங்காளி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. பலாப்பழம் தின்று வயிறு உப்பிப்போய், ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். கார்டு ஊதிவிட்டார். மனுஷன் ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் வேஷ்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னிலையிலும் விழுந்து, ரயிலையும் விட்டுவிட்டார். கார்டுக்கு அபராதம் போடு, இல்லாவிட்டால் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று தப்பும் தவறுமான இங்கிலீஷில் மிரட்டினார். கீழ் வகுப்பு வண்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள். மானம் போனதை மறைக்காமல் எழுதினாரே, அந்தத் தைரியத்தைச் சொல்லுங்கள்!

நம் நாட்டில் வழிப்போக்கனுக்கு ஒன்றும் செய்ததில்லை என்றும் சொல்ல முடியாது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் சாலை போட்டாள், மரம் வைத்தாள், சத்திரம் கட்டினாள். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரத்தில் ராமேசுவர யாத்திரிகர்களுக்குச் சோறு போட்டார்கள். அங்கேயெல்லாம் ஜாதி பார்த்துப் பந்தி போட்டார்கள் என்று எனக்கும் தெரியும். அந்தப் பந்தியைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்கவில்லை. வழியில் போகிறவனுக்கு நிழலும் நீரும் தங்க இடமும் தருவது ராஜ்யத்தின் பொறுப்பு என்ற எண்ணம் இருந்ததல்லவா, அதைத்தான் கேட்கிறேன். கேரவன்கள் நிற்பதற்கு இடம் ஒதுக்கி, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கழிவுநீர்க் குழியும் அமைக்க அரசாங்கங்கள் கொள்கை வகுக்க முடிகிறது. அதே குழாயை, அதே குழியை, அதே விளக்கைப் பஸ் நிற்கிற இடத்தில் வைக்க என்ன தடை? இதில் வானசாஸ்திரம் ஒன்றும் இல்லையே!

நண்பர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். இந்தத் தடவை மூணாறு. நான் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் மனைவி தாமும் என்னோடு பஸ்ஸில் வருவதாகவும், வழியில் நிற்கிற இடங்களையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வதாகவும் சொல்கிறார். அவருடைய நோட்டு ஒன்று மட்டும் போதாது. இதைப் படிக்கிற சகோதரிகள் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். எனக்கு அல்ல, அந்தந்த ஊர் நகராட்சிக்கும் கலெக்டருக்கும். எந்த ஊர், எந்தப் பஸ் நிலையம், என்ன தேதி, எத்தனை மணி, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா, விளக்கு எரிந்ததா, தண்ணீர் வந்ததா, எவ்வளவு காசு வாங்கினார்கள் என்பதை விடாமல் எழுதுங்கள். நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை; தமிழிலேயே எழுதலாம்.